குறிப்பேட்டில் இல்லாத நேரம்

தன்னைவிட ஐந்து வயது இளைய ஆசிரியையிடம் சீடராகச் சேர்ந்தவர் எத்திராஜன். சேரும்போது அவருக்கு நாற்பத்தைந்து. ஆசிரியை மாதம்மாளுக்கு நாற்பது. அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். ஆறு வருடம் ஆகியும் அது மாறவில்லை.

மாதம்மாள் தர்மபுரிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப்பொறியியல் பேராசிரியை. எத்திராஜன் பாலிடெக்னிக் விரிவுரையாளர். அதற்கு முன் பதினெட்டு வருடம் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டுப் பொறுப்பாளராக இருந்தவர். முனைவர் பட்டத்துக்காகச் சனி ஞாயிறுகளில் மட்டும் பஸ் ஏறி வந்து ஆய்வு செய்வார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் ஆய்வகத்துக்குள் போகவில்லை. நேராக மாதம்மாளின் அறைக்கு வந்து நின்றார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

“மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க சார்.”

“என் கையில மட்டும் ஏன் வர மாட்டேங்குது?”

வராதது ஒரு வெள்ளைப் பொடி.

மாதம்மாள் பிறந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதில் ஃப்ளூரைடு அளவுக்கு மேல் கரைந்திருப்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கோடுகளோடு முளைக்கும். நாற்பது வயதுக்காரர்கள் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மாதம்மாளின் பல்லிலும் அந்தக் கோடுகள் உண்டு. மேடையில் பேசும்போதும் படம் எடுக்கும்போதும் அவர் அதை மறைத்துக்கொண்டதில்லை.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யத்தான் அவர் வேதிப்பொறியியலுக்கு வந்தார் என்று மாணவர்கள் சொல்வார்கள். அவரைக் கேட்டால், அந்த வருடம் அந்தப் பாடத்தில்தான் இடம் கிடைத்தது என்பார். ஆனால் ஆராய்ச்சிக்கு வந்தபின் வேறு எதையும் அவர் தொடவில்லை. விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், வசதி ஒன்றும் இல்லாத ஓர் ஆய்வகத்தில், இரண்டு உப்புக் கரைசல்களையும் அம்மோனியாவையும் வைத்துக்கொண்டு அந்தப் பொடியைச் செய்தார். வெறும் கண்ணுக்கு அது சுண்ணாம்பு. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இதழ் இதழாக விரிந்த பூ. ஒவ்வோர் இதழும் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இதழ்கள் தண்ணீரிலிருந்து ஃப்ளூரைடைப் பிடித்துக்கொண்டன. நொய் மாதிரி உருண்டையாக வந்த பொடி பிடிக்கவில்லை. இதழ் வந்தால்தான் வேலை நடக்கும்.

அந்த ஒரு கட்டுரை அவரைப் பேராசிரியை ஆக்கியது. மாநில விருது வந்தது. வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கீழே நான்கு பேர் முனைவர் பட்டம் வாங்கிப் போனார்கள். நான்கு பேர் கையிலும் இதழ் வந்தது.

எத்திராஜன் கையில் வரவில்லை. அதே உப்பு, அதே அம்மோனியா, அதே உலை. இருபத்துமூன்று முறை செய்துவிட்டார். இருபத்துமூன்று முறையும் நொய். ‘மேடத்துக்குக் கைராசி. எத்திராஜன் சாருக்கு அது இல்லை, பாவம்’ என்று ஆய்வகத்தில் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது.

அவர் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆய்வுப் பதிவை ரத்து செய்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

“ஜூன் வந்தா ஏழு வருஷம் முடியுது மேடம். அதுக்கு மேல பல்கலைக்கழகம் நீட்டிக்காது. ஒரு பொடியைக்கூடச் செய்யத் தெரியாதவனுக்கு எதுக்குங்க டாக்டர் பட்டம்? வீட்டுலயும் சொல்லிட்டேன்.”

மாதம்மாள் கடிதத்தைப் படித்தார். மடித்தார். பேனா வைக்கும் குவளைக்கு அடியில் சொருகினார். பிறகு கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“இதைப் படிங்க.”

கென்யாவில் நகுரு என்ற ஊரிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் எழுதிய கடிதம். அவர்கள் ஊர்த் தண்ணீரிலும் ஃப்ளூரைடு. மாதம்மாளின் கட்டுரையைப் பார்த்து நான்கு தடவை பொடி செய்திருக்கிறார்கள். இதழ் வரவில்லை. தவறு எங்களுடையதாகத்தான் இருக்கும், எங்கே பிழை செய்கிறோம் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

“அவங்களும் உங்களை மாதிரியே எழுதியிருக்காங்க, தப்பு எங்க மேலதான்னு. நீங்களும் அவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. ரெண்டு பேரும் ஒரே தப்பை எப்படிச் செய்வீங்க?”

“இன்னிக்கு நீங்க செய்யுங்க. நான் பார்க்கறேன்.”

அன்று முழுக்க மாதம்மாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். எத்திராஜன் எடை போட்டார், கரைத்தார், வடிகட்டினார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, பீக்கர் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டார். சாயங்காலம் மாதம்மாள் எழுந்து, “சுத்தமான கை சார் உங்களுக்கு” என்று மட்டும் சொன்னார்.

நுண்ணோக்கி சேலத்தில் இருந்தது. பொடியை அங்கே அனுப்பிப் படம் வாங்கினார்கள். நொய்.

அடுத்த சனிக்கிழமை மாதம்மாள் தானே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். பழைய கட்டுரையின் நகலை எத்திராஜன் கையில் கொடுத்தார்.

“இன்னிக்கு நான் செய்யறேன். நீங்க செய்முறையை வரி வரியாப் படிங்க. அதுல இருக்கறதை மட்டும்தான் செய்வேன். எழுதாத எதையாவது செஞ்சா நிறுத்துங்க.”

“உங்களை நான் எப்படிங்க நிறுத்தறது?”

“ஷிப்டுல நிறுத்துவீங்கல்ல? அப்படி.”

எத்திராஜன் படித்தார். மாதம்மாள் செய்தார். பதினாறு வருடமாகச் செய்த வேலை, கை தானாக ஓடியது. ஒரு குடுவையை மூன்றாவது முறை கழுவப் போனார்.

“ரெண்டு தடவைன்னுதாங்க போட்டிருக்கு.”

அவர் குடுவையைக் கீழே வைத்தார்.

அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. கரைசல் முதலில் நீலம் பாய்ந்த மாதிரி மங்கியது, பிறகு பாலாக மாறியது. மாதம்மாள் நகத்தால் பீக்கரை இரண்டு தட்டுத் தட்டினார்.

“அது இல்லைங்க மேடம்.”

“தட்டினேனா?”

“தட்டினீங்க.”

மாதம்மாள் சிரித்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைசிச் சொட்டு விழுந்தது. மாதம்மாள் கலக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். பீக்கரை ஒரு கண்ணாடித் தட்டால் மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாசலுக்கு நடந்தார்.

எத்திராஜன் காகிதத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“மேடம்.”

மாதம்மாள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார்.

“அடுத்த வரி, ‘வடிகட்டவும்’னு இருக்குங்க.”

அவர் திரும்பவில்லை.

“எங்கீங்க போறீங்க?”

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

“தெரியலை சார்.”

அவர் திரும்பி வந்தார். கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, கட்டுரையில் இருந்தபடி உடனே வடிகட்டினார். மற்றதையெல்லாம் முறைப்படி செய்து முடித்தார்.

புதன்கிழமை பாலிடெக்னிக்கில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எத்திராஜனுக்குப் போன் வந்தது.

“சார், எனக்கும் நொய் வந்திருக்கு.”

எத்திராஜன் அறிய இது முதல் தடவை. வருத்தம் தெரிவிப்பதா என்று யோசித்தார். ஆனால் போனில் வந்த குரலில் வருத்தம் இல்லை. தொழிற்சாலையில் இரண்டு நாளாகப் பிடிபடாத கசிவு எந்தக் குழாயில் என்று தெரிந்தவுடன் ஒருவர் பேசுவாரே, அப்படி இருந்தது.

“நாளைக்கு லீவு போட முடியுமா?”

வியாழக்கிழமை அவர் போனபோது மாதம்மாளின் மேஜையில் பழைய குறிப்பேடுகள் விரித்துக் கிடந்தன. நீல மை பழுத்துப்போன பக்கங்கள்.

“நேரத்தை மட்டும் படிங்க” என்றார்.

எத்திராஜன் படித்தார். அம்மோனியா சேர்த்து முடிந்தது, 3.35. அதற்கு நேர் கீழே அடுத்த வரி: வடிகட்டத் தொடங்கியது, 5.10. இன்னொரு நாள் 3.35, பிறகு 5.05. இன்னொரு நாள் 3.30, பிறகு 5.10. முதலில் இதழ் வந்த எட்டு நாளும் இப்படித்தான். இரண்டு வரிகளுக்கும் நடுவில் எந்தக் குறிப்பும் இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் 3.40, 3.45 என்று அடுத்தடுத்து இருந்தது. அந்தப் பக்கத்தின் கீழே ‘இதழ் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“நடுவுல ஒன்றரை மணி நேரம் என்னங்க செஞ்சீங்க?”

“என் மகளுக்கு அப்ப நாலு வயசு. நர்சரில நாலு மணிக்கு விடுவாங்க. அவங்கப்பாவுக்கு ஓசூர்ல ஷிப்டு வேலை. நான்தான் போகணும். கூட்டிக்கிட்டு வந்து பக்கத்து வீட்டுல விட்டுட்டு, திரும்ப ஓடி வருவேன்.”

“அந்த ஒரு நாள்?”

“உள்ளூர்த் திருவிழா. பள்ளிக்கூடம் லீவு.”

எத்திராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மத்தவங்களுக்கு எப்படி மேடம் வந்துச்சு? அவங்க குழந்தையைக் கூப்பிடப் போகலையே.”

“மக வளர்ந்தப்புறமும் பழக்கத்துல நான் அந்த இடத்துல மூடிவெச்சிட்டுப் போவேன். அதைப் பார்த்து அவங்களும் மூடிவெச்சிட்டு கேன்டீன் போவாங்க. டீ, வடை, அரட்டைன்னு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நீங்க வர்ற சனி ஞாயிறுல கேன்டீன் கிடையாது.”

“இருந்தாலும் போயிருக்க மாட்டேங்க.”

“தெரியும். அன்னிக்கு முழுக்க உங்களைத்தானே பார்த்தேன்.”

அன்றே எத்திராஜன் மறுபடி தொடங்கினார். மூன்று மணிக்குக் கடைசிச் சொட்டு விழுந்தது. கலக்கியை நிறுத்தினார். கண்ணாடித் தட்டால் மூடினார்.

“வாங்க, வெளியே போகலாம்” என்றார் மாதம்மாள்.

எத்திராஜன் நகரவில்லை.

“இங்கயே உக்காந்திருக்கேங்க. தொட மாட்டேன்.”

“தொடாம இருப்பீங்களா?”

எத்திராஜன் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, ஆறு வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“ஃபேக்டரில எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாருங்க. துரைக்கண்ணுன்னு பேரு. எல்லாம் சரியாத்தான் ஓடுதுன்னு ஒரு டீ குடிக்கப் போனாரு. பத்து நிமிஷம்தான். அதுக்குள்ள ஒரு வால்வு விட்டுப்போச்சு. குளோரின். உள்ளே மூணு பேர். உயிருக்கு ஒண்ணும் இல்லை, ஆனா ஒருத்தருக்கு இன்னிக்கு வரைக்கும் மாடி ஏற முடியாது. துரைக்கண்ணு அதுக்கப்புறம் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசலை. அன்னிலேருந்து, ஓடற பாத்திரத்தை விட்டு நான் நகர்ந்ததில்லைங்க.”

மாதம்மாள் அவசரப்படாமல் கேட்டார்.

“நீங்க நகராதது சரிதான் சார்” என்றார். “இது குளோரின் இல்லை.”

எத்திராஜன் அம்மோனியா குப்பியின் மூடியைச் சரிபார்த்தார். எரிவாயுக் குழாயைச் சரிபார்த்தார். மின்சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரோடு வெளியே வந்தார்.

இருவரும் கல்லூரி வாசலைத் தாண்டி, லாரிகள் போகும் சாலையோரமாக நடந்தார்கள். வெயில் இருந்தது. எத்திராஜன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்த வழியிலதான் போவேன்” என்றார் மாதம்மாள். “போகப் போக மனசெல்லாம் பீக்கர்லயே இருக்கும். வரும்போது மனசு குழந்தைகிட்ட இருக்கும். ஒருநாள்கூட இருக்கற இடத்துல நான் இருந்ததில்லை.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

“மெமோ குடுத்தாங்க. வேலை நேரத்துல ஆய்வகத்தை விட்டுப் போறீங்கன்னு. கூட இருந்தவங்களும் பேசுவாங்க. இந்தம்மாவுக்கு ஆராய்ச்சி எதுக்குன்னு.”

“என்ன பதில் குடுத்தீங்க?”

“இனிமே போக மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன்.”

“அப்புறம்?”

“மறுநாளும் போனேன். போய்த்தானே ஆகணும்? ஆனா அதுக்கப்புறம் குறிப்பேட்டுல எங்க போனேன்னு எழுதவே பயம். நேரத்தை மட்டும் எழுதுவேன். கட்டுரை எழுதறப்ப அந்த நேரமும் போயிடுச்சு. சேர்த்தேன், வடிகட்டினேன்னு எழுதிட்டேன். நடுவுல நான் இல்லாதது யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான்.”

அந்த நர்சரிப் பள்ளிக்கூடம் இன்னும் அங்கேயே இருந்தது. நான்கு மணி ஆகவில்லை. வாசலில் ஸ்கூட்டிகளும் ஆட்டோக்களும் நின்றிருந்தன. வேலைக்கு நடுவில் வந்த ஒரு பெண், கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு, போனில் யாருக்கோ “இதோ வந்துட்டேன் சார், அஞ்சே நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எத்திராஜனுக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

“அப்போ மேடம், அந்தப் பொடி... அது உங்க திறமை இல்லைங்களா?”

ஒருவருடைய பதினாறு வருடத்தை நடுரோட்டில் வைத்துக் கேட்டது போல இருந்தது.

மாதம்மாள் கோபப்படவில்லை. அந்தக் கேள்வியைத் தானும் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் போல, மெல்லத் தலையை ஆட்டினார். மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கூட்டம் கரையும்வரை நின்றுவிட்டு இருவரும் திரும்பி நடந்தார்கள்.

நான்கு முப்பத்தைந்துக்கு எத்திராஜன் வடிகட்டினார்.

இந்த முறை அவர் பொடியைத் தபாலில் அனுப்பவில்லை. தானே சேலம் போனார். நுண்ணோக்கிக்காரர் திரையில் படத்தைக் கூர்மையாக்கிக்கொண்டே வந்தார். மங்கலாக இருந்தது தெளிந்தது. இதழ். ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு மெலிந்து, திரை முழுக்க இதழ்.

“இது யார் சார் செஞ்சது? மேடமா?” என்று நுண்ணோக்கிக்காரர் கேட்டார்.

“நான்” என்றார் எத்திராஜன். வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த இரண்டு மாதம் அவர்கள் நேரத்தை மாற்றி மாற்றிச் செய்தார்கள். இருபது நிமிடம் வைத்தால் நொய். ஐம்பதில் இதழ் அரும்பியது. தொண்ணூற்றைந்தில் முழுக்க விரிந்தது. மூன்று மணி நேரம் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியானது. எத்திராஜனின் ஆய்வேட்டில் அது ஒரு முழு அத்தியாயம் ஆனது. குவளைக்கு அடியில் இருந்த கடிதத்தை மாதம்மாளே எடுத்துக் கிழித்துப் போட்டார்.

துறைத்தலைவர் சம்பந்தமூர்த்திக்கு விஷயம் போனது. அவர் கெட்டவர் இல்லை. மாதம்மாளின் பெயரால் துறைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நினைப்பவர். இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“மேடம், அடுத்த மாசம் அந்தத் தண்ணி ஃபில்டர் கம்பெனி உங்க பொடிக்கு ஒப்பந்தம் போட வர்றாங்க. எதுக்கு வர்றாங்க? உங்க லேபைத் தவிர வேற எங்கயும் இது வரலைங்கறதாலதான். இப்ப போய் உலகத்துக்கே சொல்லிட்டா, அவங்களே செஞ்சுக்குவாங்க. கையெழுத்து ஆகற வரைக்கும் கொஞ்சம் பொறுங்களேன்.”

“நகுருவுக்கு எழுதிட்டேன் சார்.”

“எப்போ?”

“இவர் கையில வந்த அன்னிக்கே.”

சம்பந்தமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

சம்பந்தமூர்த்தி பயந்தது போலவே நடந்தது. கம்பெனிக்காரர்கள் வரவில்லை. புதிதாகத் தொடங்க இருந்த நீர் ஆராய்ச்சி மையத்துக்கு மாதம்மாள்தான் இயக்குநர் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேறொருவரைப் போட்டார்கள். சென்னையில் ஒரு கருத்தரங்கில், விருது வாங்கின கட்டுரையிலேயே ஒரு வரி விட்டுப்போயிருந்ததாமே என்று யாரோ மேடையிலிருந்தே கேட்டார். அரங்கில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்திராஜன் பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மாதம்மாள் மேடையில் நின்று, “ஆமாம், விட்டுப்போயிருந்தது” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

நகுருவிலிருந்து ஒரு படம் வந்தது. இதழ். அதற்கு மேலே ஒரே வரி: முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. அந்தப் பொடியை வைத்து ஒரு தொடக்கப்பள்ளிக்கு வடிகட்டி செய்யப் போவதாக அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

எத்திராஜன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த வாரத்தில், கடைசி வேலையாக ஒன்று மிச்சம் இருந்தது. மாதம்மாளின் பழைய கட்டுரை வந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்ப வேண்டும். எத்திராஜன் தட்டச்சு செய்தார். கரைசல்களின் அளவு, வெப்பநிலை, பிறகு ‘கலக்குவதை நிறுத்தி, மூடி, தொண்ணூற்றைந்து நிமிடம் அசையாமல் வைக்கவும்’ என்ற புது வரி. அச்செடுத்து மாதம்மாளிடம் கொடுத்தார்.

மாதம்மாள் பேனாவால் கீழே இரண்டு வரி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

எத்திராஜன் படித்தார். ‘முதல் சோதனைகளில் இந்தக் காத்திருப்பு திட்டமிட்டதல்ல. ஆய்வு செய்தவர் தினமும் அந்த நேரத்தில் தன் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சென்றிருந்தார்.’

அவர் கை விசைப்பலகைமேல் நின்றது.

“மேடம், நிமிஷக் கணக்கு மட்டும் போட்டாப் போதுமுங்களே. செய்யறவங்களுக்கு அது போதும்.”

“போதும்.”

“அப்புறம் இது எதுக்குங்க? இது ஆராய்ச்சிப் பத்திரிகை. ஏற்கெனவே சிரிச்சவங்க இன்னும் சிரிப்பாங்க. படிச்சா, ஏதோ நீங்க வேலையைப் பாதியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு.”

“போனேன் சார்.”

“அது எல்லாருக்கும் தெரியணுமுங்களா?”

மாதம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கி, தான் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். ஓர் எழுத்து தெளிவில்லாமல் இருந்தது. அதன்மேல் அழுத்தி எழுதினார்.

“அந்த ரெண்டு வரி இல்லைன்னா, தொண்ணூத்தஞ்சு நிமிஷத்தை நான் கண்டுபிடிச்சதா ஆயிடும்” என்றார்.